கேம் விளையாடுபவர்கள் என்.எஃப்.டி.யை ஏன் அவ்வளவு கோபத்தோடு எதிர்த்தார்கள்?

நிலாவெளியில் ஏ.எல். படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஸ்டாக்கர் 2 கேமில் என்.எஃப்.டி. வருகிறது என்று அறிவித்த மறுநாளே ரசிகர்கள் சத்தம் போட்டு அதை நிறுத்திவிட்டார்கள் என்று இப்போதுதான் வாசித்தேன். கேமில் வாங்கும் பொருள் எங்களுக்கே சொந்தமாவது நல்ல விசயம்தானே அண்ணா? விளங்காமல் எதிர்த்தார்களா? கூட்டாளி ஒருவன் ஒரு புதுக் கேமில் 50,000 ரூபாவுக்கு என்.எஃப்.டி. வாங்கச் சொல்கிறான், வாங்கலாமா?"

விளங்காமல் எதிர்க்கவில்லை, தம்பி. நன்றாக விளங்கித்தான் எதிர்த்தார்கள். என்.எஃப்.டி. என்பது ஒரு டிஜிட்டல் பொருள் யாருக்குச் சொந்தம் என்று இணையத்தில் பதிந்து, விற்கவும் வாங்கவும் விடுகிற ஒரு பதிவு. திருகோணமலை டவுனில் 12 வருடமாகக் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்பக்கம் ஆறு மெசின் போட்டுப் பெடியன்களை விளையாடவும் விடுகிறேன். அந்த நாட்களில் வந்து போனவர்களின் கோபத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், எனக்கும் அதே கோபம் இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ஸ்டாக்கர் கேம்களைச் செய்வது உக்ரேனின் ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்ட். செர்னோபில் அணு உலையைச் சுற்றி நடக்கிற கதை, முதலாவது கேம் 2007இல் வந்தது. இரண்டாம் பாகத்துக்காக ரசிகர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2021 டிசம்பர் நடுப்பகுதியில், கேம் வர இன்னும் நாலைந்து மாதம்தான் என்று எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில், டிமார்க்கெட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து என்.எஃப்.டி. ஏலம் நடத்தப்போவதாக ஜி.எஸ்.சி. அறிவித்தது. ஏலத்தில் வெல்பவர் தன் முகத்தைக் கொடுத்து கேமுக்குள் ஒரு பாத்திரமாகவே வரலாம் என்றார்கள். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. முதலில் கம்பனி ஒரு விளக்கம் போட்டது: விரும்பியவர்களுக்கு மட்டும்தான், வருகிற காசும் கேமை நன்றாகச் செய்யத்தான் போகும் என்று. கொஞ்ச நேரத்தில் அதை அழித்துவிட்டது. அதற்குப் பிறகு, ஸ்டாக்கர் 2இல் என்.எஃப்.டி. எதுவும் இருக்காது என்று ஒரேயடியாகக் கைவிட்டது. எல்லாம் ஒரு நாளுக்குள் முடிந்துவிட்டது.

இது தனியே நடந்த ஒன்றில்லை. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு கிழமைக்கு முன்பு யூபிசொஃப்ட் என்ற பெரிய கேம் கம்பனி, கோஸ்ட் ரீகன் பிரேக்பொயின்ட் கேமுக்கு 'குவார்ட்ஸ்' என்ற என்.எஃப்.டி. திட்டத்தை அறிவித்திருந்தது. அதன் யூடியூப் காணொளிக்கு விழுந்த வாக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் எதிர் வாக்குகள். என்.எஃப்.டி.யாகக் கொடுத்த தலைக்கவசங்களில் ஒன்றைப் பெறுவதற்குக் கேமை 600 மணித்தியாலம் விளையாடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022 ஏப்ரலில், இனி அந்தக் கேமுக்குப் புதிதாக எதுவும் வராது என்றும் சொல்லிவிட்டார்கள். 2022 ஜனவரி 31ஆம் திகதி வேர்ம்ஸ் கேமின் கம்பனியான டீம்17 தன் என்.எஃப்.டி. திட்டத்தை அறிவித்தது, மறுநாளே இரத்துச் செய்தது. அங்கே விளையாடுபவர்கள் மட்டும் எதிர்க்கவில்லை. டீம்17 ஊடாகக் கேம் வெளியிட்ட அக்ரோ கிராப் என்ற சிறிய நிறுவனம், இனி அவர்களோடு வேலை செய்யமாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னது.

சரி, நீங்கள் கேட்ட 'சொந்தம்' என்ற விசயத்துக்கு வருவோம். எங்கள் மாவட்டத்தில் காணிப் பிரச்சினை தெரியாத வீடு குறைவு, அதனால் காணியை வைத்தே சொல்கிறேன். பெர்மிட் காணியில் வீடு கட்டலாம், தென்னை வைக்கலாம். ஆனால் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் விற்க ஏலாது. உறுதிக் காணி அப்படியில்லை, நொத்தாரிசிடம் போய் எழுதிக் கொடுத்துவிடலாம். இன்றைக்கு ஃப்ரீ ஃபயரில் நீங்கள் வாங்கும் உடுப்பும் பப்ஜியில் வாங்கும் துவக்கு ஸ்கின்னும் (துவக்கின் வெளித்தோற்றம்) பெர்மிட் காணியை விடவும் பலவீனமானவை. பாவிக்க மட்டும்தான் உங்களுக்கு அனுமதி. கணக்கை முடக்கினால் எல்லாம் போய்விடும். இந்தக் குறையைத்தான் என்.எஃப்.டி. விற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இனி உங்களுக்கு உறுதியே எழுதித் தருகிறோம் என்றார்கள். கேட்டவுடன் நியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். புளொக்செயின் என்பது பல கம்பியூட்டர்கள் பொதுவாக வைத்திருக்கும் பதிவுப் புத்தகம். அதில் பதிவாவது ஒரு இலக்கமும், அந்த இலக்கம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதும்தான். துவக்கின் உருவம், அது வெடிக்கிற சத்தம், எத்தனை குண்டு போகும், எவ்வளவு சேதம் வரும், எந்த மெப்பில் பாவிக்கலாம், இவை எல்லாம் கேமின் கோடிலும் கம்பனியின் சேர்வரிலும் இருக்கின்றன. கம்பனி நினைத்தால் அடுத்த அப்டேட்டில் அந்தத் துவக்கை ஒன்றுக்கும் உதவாததாக மாற்றலாம். சேர்வரை மூடினால் உங்கள் கையில் உறுதி இருக்கும், காணி இருக்காது.

இது கற்பனை இல்லை. எஃப்1 டெல்டா டைம் என்று ஒரு கார் ஓட்டப் பந்தயக் கேம் இருந்தது. 2019இல் அதில் ஒரே ஒரு காரின் என்.எஃப்.டி. 1,00,000 டொலருக்கு மேல் விற்றது. ஃபோர்முலா 1 பெயரைப் பாவிக்கும் உரிமம் முடிந்ததும் 2022 மார்ச்சில் கேமை மூடிவிட்டார்கள். அந்தக் கார் புளொக்செயினில் இன்னும் பதிவில் இருக்கும். ஓட்டுவதற்குப் பாதை இல்லை.

ஒரு கேமில் வாங்கிய வாளை இன்னொரு கேமுக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார்கள். கேம் செய்கிற வேலையைக் கொஞ்சமாவது பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும். இரண்டாவது கேமில் அந்த வாளுக்குப் புதிதாக உருவம் செய்ய வேண்டும். அதைப் பிடித்து வீசும் அசைவைச் செய்ய வேண்டும். அந்தக் கேமின் மற்ற ஆயுதங்களோடு பலத்தைச் சமப்படுத்த வேண்டும். அந்தச் செலவை வேறொரு கம்பனி ஏன் ஏற்கப்போகிறது? வாளை விற்ற காசு ஏற்கனவே முதல் கம்பனியிடம் போய்விட்டதே. பொருளை விற்கவும் மாற்றவும் மட்டும்தான் வேண்டுமென்றால் அதற்குப் புளொக்செயினே தேவையில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடுபவர்கள் 2013 தொடக்கம் ஸ்கின்களை ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்றும் வாங்கியும் வருகிறார்கள். சாதாரண டேட்டாபேஸிலேயே அது ஓடுகிறது.

என்.எஃப்.டி. கம்பனிகள் சறுக்கியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். படம் வாங்குபவர்களுக்கோ பிரபலங்களுக்கோ இது புதுப் பொருள். கேம் விளையாடுபவர்களுக்குப் பழைய பொருள். இல்லாத பொருளுக்குக் காசு கொடுப்பது எப்படி இருக்கும் என்று உலகத்தில் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். 2006இல் ஒப்லிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டொலருக்கு விற்றபோது எல்லோரும் சிரித்தார்கள். பத்து வருடத்தில் அந்த வியாபாரம் எல்லாக் கேம்களுக்குள்ளும் புகுந்தது. 2017 நவம்பரில் ஸ்டார் வோர்ஸ் பட்டில்ஃபிரன்ட் 2 வந்தபோது, முழு விலை கொடுத்து வாங்கிய கேமிலேயே டார்த் வேடரைத் திறப்பதற்குப் பல பத்து மணித்தியாலம் உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டிக்குக் காசு கொட்ட வேண்டும் என்ற நிலை. அதை நியாயப்படுத்தி, கேமை வெளியிட்ட ஈ.ஏ. கம்பனி எழுதிய பதிலுக்கு ரெடிட்டில் ஆறு இலட்சத்துக்கு மேல் எதிர் வாக்குகள் விழுந்தன. அடுத்த வருடம் பெல்ஜியம் இப்படியான பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. இவ்வளவையும் கண்டவர்களிடம் வந்து, "இது உங்கள் நன்மைக்குத்தான்" என்றால் எப்படி நம்புவார்கள்?

எல்லாவற்றையும் விட டியாப்லோ 3 கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். என்.எஃப்.டி. என்ற சொல்லே இல்லாத காலம். 2012இல் வந்த அந்தக் கேமில், கிடைத்த வாளையும் கவசத்தையும் உண்மையான காசுக்கு விற்கும் ஏல வீடு ஒன்றைக் கம்பனியே திறந்தது. நீங்கள் இப்போது நல்லது என்று சொல்கிற அதே யோசனை. என்ன நடந்தது? அரக்கனைக் கொன்று, பெட்டியைத் திறந்து, 'என்ன வரப்போகுது' என்று நெஞ்சு படபடக்கப் பார்ப்பதுதான் டியாப்லோவின் உயிர். ஏல வீடு வந்ததும் அந்தப் படபடப்புப் போய்விட்டது. வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், வந்ததை விலை பார்த்து விற்றுவிடலாம். கேமின் அடிப்படையையே இது கெடுக்கிறது என்று பிளிசார்ட் கம்பனியே ஒத்துக்கொண்டு 2014 மார்ச்சில் அதை மூடியது. தங்களுக்கு வருமானம் தந்த ஒன்றைத் தாங்களே மூடினார்கள் என்றால், அந்தச் சேதம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். என்.எஃப்.டி. அறிவிப்புகள் வந்தபோது பழைய ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஆய்வாளர்கள் குறைவாகவே பேசுகிறார்கள், கடைக்காரனான எனக்கு நன்றாகத் தெரியும். கிராபிக்ஸ் கார்ட். 2020 கடைசியிலும் 2021 முழுவதும் எதேரியம் என்ற புளொக்செயினின் கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிக்கக் கார்ட்டுகளை இரவு பகலாக ஓட்டுகிறவர்கள், அதாவது மைனிங் செய்கிறவர்கள், கார்ட்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். கொரோனாவால் சிப் தட்டுப்பாடு வேறு. 699 டொலர் என்று அறிவித்த ஆர்.டி.எக்ஸ். 3080ஐ அந்த விலைக்கு எடுப்பது பெரிய நாடுகளிலேயே கனவாக இருந்தது. 2021 பெப்ரவரியில் 3060 கார்ட் வந்தபோது, அதைச் செய்யும் என்விடியா கம்பனியே மைனிங் வேகத்தைக் குறைக்கும் தடையைப் போட்டுத்தான் விட்டது. இங்கே கொழும்பில் இருந்து வரும் சரக்கை நம்பியிருக்கும் எங்களுக்கு நிலைமை எப்படி இருந்திருக்கும்? உப்புவெளியில் ஒரு பெடியன், ஹோட்டலில் வேலை செய்து ஒரு வருடம் சேர்த்த காசோடு வந்தார். அன்றைய விலையைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. காசைத் திரும்பப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். தன் கார்ட்டைப் பறித்த அதே கிரிப்டோ உலகம், பிறகு தன் கேமுக்குள்ளும் நுழைந்து 'வாங்கு' என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

சுற்றாடல் காரணத்தையும் பலர் சொன்னார்கள். அந்த நேரத்தில் எதேரியத்துக்கு அது சரியான குற்றச்சாட்டுத்தான். 2022 மார்ச் கடைசியில் நாங்கள் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. உலகத்தில் எங்கோ இலக்கங்களைப் பதிவதற்காக ஒரு நாட்டுக்குத் தேவையான அளவு மின்சாரம் எரிகிறது என்று வாசிக்கும்போது வயிறு எரிந்தது. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: யூபிசொஃப்ட் பாவித்த டெசோஸ் என்ற வேறு புளொக்செயினுக்கு அந்தளவு மின்சாரம் தேவையில்லை. எதேரியமும் 2022 செப்டம்பரில் முறையை மாற்றித் தன் மின் பாவனையை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் குறைத்துவிட்டது. அதற்குப் பிறகும் ரசிகர்கள் மனம் மாறவில்லை. ஆகவே மின்சாரம் பிரதான காரணமாக இருந்திருக்க முடியாது.

பிரதான காரணம் விளையாட்டு வேலையாக மாறுவதுதான். 'விளையாடிச் சம்பாதி' என்று அப்போது ஒரு அலை. அதில் பெரியது வியட்நாமின் ஸ்கை மேவிஸ் செய்த அக்ஸி இன்ஃபினிட்டி. விளையாடத் தொடங்குவதற்கே என்.எஃப்.டி.யாக விற்கும் மூன்று அக்ஸி பிராணிகளை வாங்க வேண்டும். வாங்க வசதியில்லாத பிலிப்பைன்ஸ் ஏழைகளுக்கு, வசதியுள்ளவர்கள் பிராணிகளை இரவல் கொடுத்து வருமானத்தில் பங்கு எடுத்தார்கள். எங்கள் கரைவலைச் சம்மாட்டியும் வலை இழுக்கிறவர்களும் பங்கு பிரிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கரைவலையில் மீன் வரும், அந்த மீனைச் சாப்பிட ஆள் இருக்கிறது. இதில் வந்தது ஒரு டோக்கன், கேமுக்குள் கிடைக்கும் டிஜிட்டல் நாணயம். புதிதாகச் சேருபவர்கள் வாங்கும் வரைக்கும்தான் அதற்கு விலை. 2021 ஜூலையில் 30 சதத்துக்கு மேல் போன அந்த டோக்கன், அடுத்த வருட நடுப்பகுதியில் ஒரு சதம்கூடப் பெறவில்லை. அமெரிக்கச் சதத்தைத்தான் சொல்கிறேன். இடையில் 2022 மார்ச்சில் அந்தக் கேமின் காசு போய்வரும் ரொனின் வலையமைப்பை உடைத்துக் கிட்டத்தட்ட 62 கோடி டொலரைக் கொள்ளையடித்தார்கள். கொள்ளை போனது ஆறு நாளாக ஒருவருக்கும் தெரியவில்லை. செய்தது வடகொரியக் குழு என்று பிறகு எஃப்.பி.ஐ. சொன்னது.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது. கேமின் பெயர் வேண்டாம். கிண்ணியாப் பக்கத்துப் பெடியன் ஒருவர், முன்பு என் கடையில் ஃபுட்போல் கேம் விளையாடினால் கடை முழுக்கச் சத்தம் கேட்கும். கோல் போட்டால் கதிரையை விட்டு எழும்பி ஓடுவார். 2021 கடைசியில், கட்டாரில் இருக்கும் அண்ணனிடம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்கி அப்படி ஒரு கேமில் போட்டார். அதற்குப் பிறகு தினமும் வருவார், ஹெட்செட்டைப் போடுவார், அன்றைய கணக்குக்கு உரிய போட்டிகளை முடிப்பார், டோக்கன் விலையைப் பார்ப்பார், போய்விடுவார். வென்றாலும் சிரிப்பில்லை, தோற்றாலும் கோபமில்லை. மூன்று மாதத்தில் போட்ட காசில் காற்பங்குகூடத் திரும்பவில்லை. காசு போனதை விட, அந்தப் பிள்ளை விளையாட்டையே வெறுத்துப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெக்கெய்சர் மைதானத்தில் பின்னேரம் பந்தடிக்கிற பிள்ளைகளிடம் ஒவ்வொரு கோலுக்கும் விலை போட்டு, அந்த விலையை இன்னொருவர் நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டிருந்தால் அங்கே எத்தனை பேர் சந்தோசமாக விளையாடுவார்கள்?

இதைக் கம்பனி மேலிடங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. 2022 ஜனவரியில் யூபிசொஃப்ட்டின் பொறுப்பதிகாரி ஒருவர், இரண்டாம் கைச் சந்தையால் தங்களுக்கு என்ன நன்மை என்று விளையாடுபவர்களுக்கு விளங்கவில்லை என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். நீங்கள் கேட்ட கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சந்தை எப்படி நடக்கும் என்பது விளையாடுபவர்களுக்கு நன்றாகவே விளங்கியது. அக்ஸி சந்தையில் ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு 4.25 வீதம் கட்டணமாகக் கழிந்தது. பொருள் எத்தனை கை மாறினாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு சந்தையை நடத்துபவருக்கு. விலை விழுந்தால் நட்டம் மட்டும் கடைசியாக வாங்கியவருக்கு.

கேம் உலகம் முழுவதும் ஒரே பக்கம் நின்றது என்றும் இல்லை. ஸ்கொயர் எனிக்ஸ் தலைவர் 2022 புத்தாண்டுக் கடிதத்திலேயே இதை ஆதரித்து எழுதினார். எபிக் கம்பனி தன் கடையில் இப்படியான கேம்களை அனுமதித்தது. ஆனால் ஸ்டீமை நடத்தும் வால்வ் 2021 ஒக்டோபரிலேயே கிரிப்டோ, என்.எஃப்.டி. கேம்களைத் தடை செய்திருந்தது. 2022 ஜூலையில் மைன்கிராஃப்ட் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: இங்கே எல்லோருக்கும் எல்லாம் கிடைக்க வேண்டும், என்.எஃப்.டி. வேண்டுமென்றே பற்றாக்குறையை உண்டாக்கிச் சிலரை வெளியே நிறுத்துகிறது என்றார்கள். மைன்கிராஃப்ட்டில் கல்லை வெட்டி வீடு கட்டாத பிள்ளை என் கடையில் கிடையாது. அந்தக் கல்லுக்கு இலக்கம் போட்டு விற்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

இப்போது உங்கள் 50,000 ரூபா. வாங்க வேண்டாம், தம்பி. கூட்டாளியிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பொருளை விற்க முடியாது, காசு ஒரு சதமும் வராது என்றால் அந்தக் கேமை அவர் விளையாடுவாரா? பதில் சொல்லத் தயங்கினால் அது கேமே இல்லை. அவர் உங்களைச் சேர்க்கப் பார்ப்பதற்கும் காரணம் இருக்கலாம், சேர்த்து விடுபவருக்குப் பங்கு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதோடு, மெய்நிகர் நாணயத்துக்கு இங்கே எந்த நிறுவனத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றும், டெபிட், கிரெடிட் கார்டால் அதை வாங்க அனுமதியில்லை என்றும் மத்திய வங்கி 2021இலும் 2022இலும் அறிவித்தது. ஏமாந்தால் காசைத் திரும்பப் பெறுவது மிகவும் கஷ்டம்.

ஸ்டாக்கர் 2 என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியதும் வேலை நின்றது, குழுவில் ஒரு பகுதி பிராகாவுக்குப் போனது. எல்லாவற்றையும் தாண்டி 2024 நவம்பர் 20ஆம் திகதி கேம் வந்தது. என்.எஃப்.டி. இல்லாமல்தான் வந்தது, இரண்டு நாளில் பத்து இலட்சம் பிரதிகள் விற்றன. என் கடையில் ஒரு மெசினில் மட்டும் அது ஓடும். சனிக்கிழமை பின்னேரம் ரியூசன் முடிந்து டவுன் பக்கம் வந்தால் வாங்கோ, ஒரு மணித்தியாலம் விளையாடிப் பாருங்கோ. கிண்ணியாத் தம்பியும் அந்த நேரம்தான் வருவார்.